கொதியில்தான் பால் இறங்க வேண்டும்

அல்வா கிண்டக் கற்றுக்கொள்ள வருகிற பையன்கள் முதலில் கேட்பது அளவைத்தான். ஒரு கிலோ சம்பா கோதுமைக்கு இரண்டரை கிலோ சீனி, ஒன்றேகால் கிலோ நெய். சொல்லிவிட்டேன், இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. இந்தக் கணக்கை எழுதிக்கொண்டு போனவர்கள் பல பேர். அவர்களில் அல்வா கிண்டுகிறவர்கள் சில பேர். எது எப்போது உருளியில் இறங்க வேண்டும், இறங்குகிற நேரத்தில் அடுப்பு என்ன வேகத்தில் எரிய வேண்டும் என்பதில்தான் தொழில் இருக்கிறது. அதை எழுத்தில் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவு சொல்லிப் பார்க்கிறேன்.

எனக்கு ஊர் ஆழ்வார்குறிச்சி. மேற்கே மலை, பக்கத்தில் கடனாநதி. அந்த ஆறு கீழே போய்த் திருப்புடைமருதூர் பக்கம் தாமிரபரணியில் சேர்கிறது. அல்வா என்றால் ஊர் உலகம் திருநெல்வேலி டவுனைத்தான் சொல்லும். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே சாயங்காலம் திறக்கிற இருட்டுக்கடையில் வரிசையில் நின்று வாங்கிப் போவார்கள். வடக்கே ராஜஸ்தான் பக்கமிருந்து வந்த சிங் குடும்பத்தார் நம் சீமைக்குக் கொண்டுவந்த பலகாரம் அது. அவர்களுக்குப் பேர் வந்தது நியாயம்தான். எங்களைப் போல ஊருக்கு ஊர் கல்யாணத்துக்கும் தீபாவளிக்கும் சிவசைலம் பங்குனித் திருவிழாவுக்கும் கிண்டிக் கொடுக்கிற சரக்கு மாஸ்டர்களுக்குப் பேர் கிடையாது. உருளியும் துடுப்பும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

கோதுமையிலிருந்து தொடங்குகிறேன். அது நம் வயலில் விளைவதில்லை, மூட்டையாகத்தான் வரும். ஆகவே வாங்குகிற இடத்தில் கண் வேண்டும். மணி நீளமாக, சிவப்போடிக் கனமாக இருக்க வேண்டும். மூட்டைக்குள் கையை விட்டால் உமியும் தூசியும் கையில் ஒட்டக் கூடாது. வண்டு விழுந்த சரக்கும் நொறுங்கிய மணி கலந்த சரக்கும் ஊறுகிறபோதே புளித்துவிடும். நாலு தண்ணீர் கழுவி, மிதக்கிறதை அள்ளி எறிந்துவிட்டு ஊறப்போட வேண்டும்.

எவ்வளவு நேரம் என்று கேட்டால் மணிக் கணக்குச் சொல்ல மாட்டேன். சித்திரை வெயிலில் ராத்திரி போட்டால் காலையில் ஆட்டிவிடலாம். சாரல் காலத்தில் அதே கோதுமைக்கு மறுநாள் மத்தியானம்வரை பொறுக்க வேண்டியிருக்கும். இடையிடையே தண்ணீரை மாற்ற வேண்டும். ஒரு மணியை எடுத்துப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கினால் தோல் கையில் நிற்க, பால் வெள்ளையாகப் பிதுங்கி வர வேண்டும். நடுவில் கடினமாக ஒரு புள்ளி தட்டுப்பட்டால் இன்னும் ஊற வேண்டும். மணியின் நுனியில் வெள்ளையாக ஒரு முனை எட்டிப் பார்த்தால் நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம்.

இந்த முனையைப் பற்றி எனக்குத் தொழில் சொல்லித்தந்த அண்ணாச்சிக்குப் பெரிய பயம் உண்டு. "முளை கண்ட கோதுமை அல்வாவுக்கு ஆகாதுல" என்பார். ஏன் என்று கேட்டால், "பிடிக்காது, அவ்வளவுதான்" என்பதோடு பேச்சை முடித்துக்கொள்வார். அவரிடம் கூட வேலை பார்த்த ஒரு பையன் கல்யாண ஆர்டருக்குக் கோதுமையை ஊறப்போட்டுவிட்டு, மழை விடாத நாட்களாகப் பார்த்து ஊருக்குப் போய்விட்டான். திரும்பி வந்தபோது மணியெல்லாம் முளை விட்டிருந்தது. வீணாக்க மனசில்லாமல் அண்ணாச்சிக்குத் தெரியாமல் ஆட்டிப் பிழிந்து வைத்துவிட்டான். உருளியில் ஏற்றிய பால் முதலில் லேசாகத் தடித்தது, பிறகு இளகிக் கஞ்சியானது. சீனி போட்டதும் பாயசமாகிவிட்டது. மணிக்கணக்காகக் கிண்டியும் திரளவில்லை. அண்ணாச்சி ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தார். பையனைத் திட்டவில்லை. "இறக்குங்கப்பா, இது குடிக்கிறதுக்குத்தான் லாயக்கு" என்று சொல்லி, வேறு கோதுமை ஊறப்போட ஆள் அனுப்பினார். பையன் அன்று ராத்திரி முழுக்க ஆட்டுரலை விட்டு நகரவில்லை.

முளை விட்டால் ஏன் பிடிக்காது என்பதை எனக்கு விளக்கியது, பெங்களூரில் பீர் காய்ச்சுகிற இடத்தில் வேலை பார்க்கும் தங்கச்சி மகன். தீபாவளிக்கு வந்தவன், நான் உருளி ஏற்றுகிற நேரத்தில் கொல்லையில் வந்து நின்றான். அவன் பையில் நீளமான ஊசி வைத்த தெர்மாமீட்டர் ஒன்று எப்போதும் இருக்கும்.

"மாமா, எங்க ஊருல இதே வேலைதான் செய்றோம். நீங்க எதுக்குப் பயப்படுறீங்களோ அதை நாங்க வேணும்னே வரவழைப்போம்" என்றான்.

அவன் சொன்னது இது. பீருக்கு வாற்கோதுமையை ஊறவைத்து, முளைக்க விட்டு, உலர்த்திக்கொள்வார்கள். மால்ட் என்பது அதுதான். முளைக்கிற தானியம் தன் மாவுச்சத்தைத் தானே உடைத்துச் சீனியாக்கிக்கொள்ள நொதிகளைத் தயார் செய்யும். உடைத்த மால்ட்டை வென்னீரில் கலந்து சூட்டைப் படிப்படியாக ஏற்றுவார்கள். 50 டிகிரி பக்கம் ஒரு நிறுத்தம் சிலர் வைப்பார்கள். 62-லிருந்து 65 டிகிரிவரை ஒரு நிறுத்தம். அங்கே ஒரு நொதி மாவுச்சத்தை நுனியிலிருந்து நறுக்கிச் சீனியாக்கும். 70, 72 டிகிரியில் இன்னொரு நிறுத்தம். அங்கே வேறொரு நொதி நடுவிலேயே வெட்டும், கூழ் சட்டென்று நீர்த்துப்போகும். 78-க்குக் கொண்டுபோனால் வேலை ஏறக்குறைய நின்றுவிடும். எந்தப் படியில் எத்தனை நிமிஷம் நிறுத்தினோம் என்பதைப் பொறுத்துப் பீரின் கனமும் இனிப்பும் மாறும். ஒரு படியைத் தவறவிட்டால் திரும்பப் போக முடியாது, நொதி வெந்து செத்துவிடும்.

கேட்கக் கேட்க எனக்கு எங்கள் வீட்டுக் கேழ்வரகுக் கஞ்சி ஞாபகம் வந்தது. முளைகட்டி வறுத்துத் திரித்த மாவில் கஞ்சி காய்ச்சினால் எவ்வளவு மாவு போட்டாலும் தண்ணியாகவே இருக்கும். பிள்ளைகளுக்குப் புகட்ட லேசாக இருக்கும் என்று பெண்கள் அதைத்தான் காய்ச்சுவார்கள். அந்தப் பையனின் அல்வாவுக்கு நடந்ததும் இதேதான். பீர் காய்ச்சுகிறவன் தங்கி நிற்கிற படிகளை அல்வாக்காரன் நிற்காமல் ஓடிக் கடக்க வேண்டும். அண்ணாச்சிக்கு நொதி தெரியாது, டிகிரி தெரியாது. ஓடிக் கடக்கிற வழி தெரிந்திருந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் பால் பிழிகிறதைச் சொல்லிவிடுகிறேன்.

ஆட்டுரலில் ஆட்டும்போது தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து ஆட்ட வேண்டும். மிக்சியில் போடுகிறவர்கள் விட்டு விட்டு அரையுங்கள், ஜார் சூடேறக் கூடாது. ரொம்ப மையாகவும் வேண்டாம். தவிடு பொடிந்து துணி வழியே பாலோடு வந்துவிடும், அல்வா அழுக்கு நிறம் அடிக்கும். முதல் பால் கெட்டியாக வரும். சக்கையில் தண்ணீர் விட்டு இரண்டாம் பால், மறுபடி மூன்றாம் பால். மூன்றையும் மெல்லிய துணியில் வடிகட்டி ஒரே போணியில் ஊற்றிவிடலாம். கையில் மிஞ்சுகிற சக்கை பிசுபிசுவென்று ரப்பராக இழுபடும். அந்தப் பசை பாலில் சேராமல் சக்கையோடு போவதுதான் நல்லது. அவசரத்தில் சக்கையை முறுக்கிப் பிழிகிறவர்கள் அதையும் சேர்த்துப் பிழிந்துவிடுகிறார்கள். மெதுவாக அழுத்தினால் போதும்.

பிழிந்த பாலை மூடி வைத்தால் மாவு அடியில் தங்கி, மேலே மஞ்சளோடிய தெளிநீர் நிற்கும். அதை அடி கலங்காமல் இறுத்துவிட வேண்டும். லேசான புளிப்பு வாடை இருந்தால் பரவாயில்லை. மூக்கைச் சுளிக்க வைத்தால் நல்ல தண்ணீர் விட்டுக் கலக்கி மறுபடி தெளிய விட்டு இறுத்துங்கள். புளிப்பேறிய பால் கொதிக்கும்போது அந்தப் புளிப்பே மாவுச்சத்தை உடைக்கும், பிடிப்பு குறையும். தண்ணீரைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. தாமிரபரணித் தண்ணீர்தான் திருநெல்வேலி அல்வாவின் ருசி என்பார்கள். நாங்கள் கடனாநதிக்காரர்கள், ஆனாலும் இரண்டும் ஒரே மலைத்தொடரின் தண்ணீர். உப்படிக்கிற போர்த் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்தால் அந்த உப்புச் சுவை கடைசிவரை நிற்கும். நல்ல தண்ணீர் உதவி செய்யும். தண்ணீர் மட்டுமே அல்வா கிண்டித் தராது.

இப்போது உருளி. கெட்டிப் பால் ஒரு பங்கு என்றால் தண்ணீர் இரண்டு பங்கு. தண்ணீரை மட்டும் உருளியில் ஊற்றித் தளதளவென்று கொதிக்க விட வேண்டும். உடைமரக் கட்டையும் சிரட்டையும் போட்டு அடுப்பு முழு வேகத்தில் எரிய வேண்டும். போணியின் அடியில் கல்லாக இறுகிக் கிடக்கும் மாவை விரல் விட்டுக் கிளறிக் கரைத்து, ஒருவர் நூலாக ஊற்ற, இன்னொருவர் துடுப்பை நிறுத்தாமல் சுழற்ற வேண்டும். ஊற்றும்போது கொதி அடங்கக் கூடாது. அடங்கினால் கையை நிறுத்து, கொதி எழும்பியதும் மறுபடி ஊற்று. "கொதியிலதான் பால் இறங்கணும், பாலுக்காகக் கொதி இறங்கக் கூடாது" என்று அண்ணாச்சி எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை.

மருமகன் அன்று தெர்மாமீட்டரை உருளியில் பிடித்துப் பார்த்தான். நூலாக ஊற்றிய வரைக்கும் முள் 90-க்குக் கீழே வரவில்லை. அங்கேயே போனில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினான்: 100 டிகிரித் தண்ணீர் இரண்டு பங்கில் 30 டிகிரிப் பால் ஒரு பங்கை ஒரேயடியாகக் கவிழ்த்தால் மொத்தம் 77-க்கு வந்து நிற்கும். உருளியும் காற்றும் இழுக்கிற சூட்டைக் கழித்தால் இன்னும் கீழே. அவன் சொன்ன 'சட்டென்று நீர்த்துப்போகிற' படிக்குப் பக்கத்தில். பாலையும் தண்ணீரையும் பச்சையாகக் கலந்து அடுப்பில் ஏற்றினாலோ, பெரிய உருளி 60-லும் 70-லும் வெகுநேரம் தங்கி ஊர்ந்துதான் மேலே ஏறும். அது பீருக்கு ஏற்ற முறை. முளைக்காத கோதுமையில் நடுவில் வெட்டுகிற நொதி ரொம்பக் குறைவு என்பதால் வீட்டில் சின்னச் சட்டியில் பச்சையாகக் கலந்து கிண்டுகிறவர்கள் தப்பித்துவிடுகிறார்கள். பெரிய உருளியில், மழைக்கால கோதுமையில், அந்த அதிர்ஷ்டத்தை நம்ப முடியாது.

பால் முழுதும் இறங்கியதும் வெள்ளைக் கூழாக இருக்கும். இதே வேகத்தில் கிண்டிக்கொண்டே வந்தால் வெள்ளை விலகி, துடுப்பிலிருந்து வழிகிற கூழ் வழியே வெளிச்சம் தெரியும். 'கண்ணாடி விழுந்தாச்சு' என்போம். அதுவரை சீனி டப்பாவைத் திறக்காதீர்கள். முன்னாலேயே சீனி போட்டால் மாவு குடிக்க வேண்டிய தண்ணீரைச் சீனி பிடித்துக்கொள்ளும். சீனி கூடக் கூட மாவு வேக வேண்டிய சூடும் மேலே போய்க்கொண்டே இருக்கும். பிறகு எவ்வளவு கிண்டினாலும் அல்வாவில் பச்சை மாவு வாடை நிற்கும். மேலே பளபளப்பாக இருந்து, வாயில் போட்டதும் பல்லில் ஒட்டுகிற அல்வா பெரும்பாலும் இந்த அவசரத்தில் பிறந்ததுதான்.

கண்ணாடி விழுந்ததும் கட்டை இரண்டை இழுத்துவிட்டு அடுப்பை மட்டாக்கிக்கொண்டு, சீனியை நாலு தவணையாகப் போட வேண்டும். ஒவ்வொரு தவணைக்கும் கூழ் இளகும். கற்றுக்கொள்கிறவர்கள் இங்கே பயந்துபோய் அடுப்பை ஏற்றுவார்கள். ஏற்றாதீர்கள், அது தானாக இறுகும். இறுகிய பிறகுதான் அடுத்த தவணை. உருளியின் விளிம்பில் ஒட்டிக் காய்கிற சீனியைத் துடுப்பால் அப்போதைக்கப்போது உள்ளே தள்ளிவிட வேண்டும். விட்டால் அது கற்கண்டாகி, ஆறிய பிறகு அல்வா முழுவதும் நறநறக்கும். அதற்கென்று எலுமிச்சைச் சாறு சில சொட்டு விடுகிறவர்கள் உண்டு, தப்பில்லை.

நிறத்துக்குப் பொடி வேண்டாம். ஒரு கை சீனியைத் தனியாகச் சின்ன இரும்புச் சட்டியில் தண்ணீரில்லாமல் உருக்கினால் தேன் நிறமாகி, பிறகு செம்பு நிறமாகி, சட்டென்று கருப்புக்குத் தாவும். செம்பு நிறத்தில் இறக்கிக் கொஞ்சம் வென்னீர் விட்டு உருளியில் ஊற்ற வேண்டும். அந்த நேரத்தில் சட்டிக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். உருகிய சீனியின் சூடு கொதிநீரை விட எவ்வளவோ மேலே, 160 டிகிரியைத் தாண்டியிருக்கும். வென்னீர் பட்டதும் சீறித் தெறிக்கும். என்னிடம் வேலை பழகுகிற பையன்களைக் கையில் துணி சுற்றிக்கொண்டு, நீளக் கரண்டியால்தான் ஊற்றச் சொல்வேன்.

அடுத்தது நெய். இங்கே அடுப்பு இன்னும் இறங்கிவிட வேண்டும், தீ நாக்கு உருளியின் அடியைத் தொட்டும் தொடாமலும் இருந்தால் போதும். நெய்யையும் தவணையாகத்தான் விட வேண்டும். ஒரு கரண்டி விட்டால் முதலில் ஓரமாக மிதக்கும், கிண்டக் கிண்ட உள்ளே போய்விடும். அது முழுக்க மறைந்த பிறகு அடுத்த கரண்டி. கஞ்சத்தனத்தால் இப்படிச் சொல்லவில்லை. மொத்த நெய்யையும் ஒரே தடவையில் கொட்டினால் கூழும் நெய்யும் தனித்தனியாகப் பிரிந்து சுற்றும், துடுப்புக்குப் பிடி கிடைக்காது, அடிப்பிடிப்பது கண்ணுக்குத் தெரியாது. தவணையாகக் குடித்த அல்வா ஒரு கட்டத்தில் போதும் என்று நெய்யைத் திருப்பிக் கக்க ஆரம்பிக்கும். உருளியை விட்டுச் சுருண்டு துடுப்போடு சேர்ந்து வரும்.

இந்தப் படிகளைக் கண்ணால் பார்ப்பதை விடக் காதால் கேட்பது சுலபம். அண்ணாச்சி புதிதாக வந்தவர்களை உருளிக்கு முதுகைக் காட்டி உட்காரவைத்து, "இப்ப எந்தப் பதம், சொல்லு" என்பார். தண்ணீர் கொதிக்கிறபோது தளதளவென்று ஒரே சத்தம். கூழ் தடித்தால் பொத், பொத் என்று விட்டு விட்டு வெடிக்கும். சீனி விழுந்ததும் அந்த வெடிப்பு நெருங்கி வரும். நெய் ஏறிய பிறகு வெடிப்பே இருக்காது, அடியில் சிர்ரென்று பொரிகிற சத்தம் மெலிதாகக் கேட்கும். அந்தச் சத்தம் உரக்கத் தொடங்கினால் தீ கூடிவிட்டது. கையும் சொல்லும்: துடுப்பு லேசாக ஓடுவது, பிறகு தோள்வரை இழுப்பது, கடைசியில் மறுபடி வழுக்கிக்கொண்டு போவது. தோள் வலியெடுக்கிற நடுக் கட்டத்தில்தான் பையன்கள் துடுப்பை மாற்றிக் கொடுக்கப் பார்ப்பார்கள். மாற்றலாம், துடுப்பு நிற்காமல் மாற்றத் தெரிந்தால்.

இறக்குகிற நேரத்தைச் சூட்டில் வைத்து முடிவு செய்யாதீர்கள். உருளியில் தளர்வாகத் தெரிகிற அல்வா ஆறினால் இறுகும். ஒரு துளியை வாழையிலையில் விட்டு, ஆறவிட்டுத் தொட்டுப் பாருங்கள். விரலில் ஒட்டாமல் நெய் மட்டும் பட்டால் போதும், உடனே அடுப்பிலிருந்து கட்டைகளை இழுத்துவிட வேண்டும். வெண்கல உருளி வாங்கிவைத்த சூட்டில் அல்வா இன்னும் கொஞ்ச நேரம் வெந்துகொண்டே இருக்கும், அதற்கும் இடம் விட்டுத்தான் தீயை நிறுத்த வேண்டும். நான் இப்போது பாதி நாள் கேஸ் அடுப்பில் கிண்டுகிறேன். திருகினால் தீ உடனே அடங்கும், அந்த வசதியை மறுக்க மாட்டேன். உருளிச் சூடு மட்டும் திருகினால் அடங்காது.

கிண்டிய அல்வாவைப் பிரிட்ஜில் வைக்கிறவர்களிடம் எனக்கு வழக்கு உண்டு. குளிரில் மாவுச்சத்து சீக்கிரம் விறைக்கும், அல்வா ரப்பராகிவிடும். நன்றாகக் கிண்டிய அல்வாவில் ஈரம் குறைவு, சீனியும் நெய்யும் காவல். மூடி வெளியில் வைத்தாலே ஒரு வாரத்துக்கு ஒன்றும் ஆகாது.

முதல் தடவை அரைக் கிலோ கோதுமைக்கு மேல் ஏற்றாதீர்கள். கெட்டுப்போனால் சீனிக்காரனையும் நெய்க்காரனையும் குறை சொல்லாமல் எந்தப் படியில் அவசரப்பட்டோம் என்று பாருங்கள். திரளாமல் ஓடினால் ஊறலைப் பாருங்கள், பிறகு பால் ஊற்றிய விதத்தைப் பாருங்கள். மாவு வாடை அடித்தால் கண்ணாடி விழுமுன் சீனி விழுந்திருக்கிறது. நறநறத்தால் சீனித் தவணைகள் நெருங்கிவிட்டன, அல்லது விளிம்பைத் துடைக்கவில்லை. புளித்தால் தெளிநீரை முழுதாக இறுத்தவில்லை. கசந்தால் கருக்கிய சீனி செம்பைத் தாண்டிவிட்டது. கையில் ஒட்டினால் நெய் கக்குமுன் இறக்கிவிட்டீர்கள். அடுத்த முறை அந்த ஒரு படியை மட்டும் மாற்றிப் பாருங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாமல் போகும்.